எலெக்ட்ரிக் கிட்டார் செட்டப்: வாங்கும் நாளிலிருந்து வரிசையாக

எலெக்ட்ரிக் கிட்டார் புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விரல் வலிக்கிறது, கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பட்டுக் கரகரக்கிறது, மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனால் சுருதி விலகுகிறது. இவற்றில் அநேகமானவற்றை வீட்டிலேயே சரி செய்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். கம்பியை மாற்றினால் நெக்கின் (கழுத்துப் பகுதியின்) வளைவு மாறும், வளைவு மாறினால் கம்பியின் உயரம் மாறும், உயரம் மாறினால் இன்டொனேஷன், அதாவது ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது, மாறும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தவர்கள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்.

இங்கே ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்குவையர் ஸ்ட்ராட், யமஹா பசிஃபிகா என்று இங்கே பலரும் தொடங்குவது இந்த வகையில்தான். போல்ட் போட்ட நெக், உடலில் கம்பிகள் தங்கும் பிரிட்ஜில் ஆறு தனித்தனி சாடில் (ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டு) இருக்கும். அது டிரெமோலோ பிரிட்ஜ், அதாவது கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் வகை. லெஸ் பால் வகையில் டிரெமோலோ பகுதி கிடையாது. மற்ற வரிசை அதேதான்.

1. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

வீட்டில் சரி செய்ய முடியாத குறை எது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். கம்பி உயரமாக இருப்பது குறையே இல்லை, அதைத் திருகி இறக்கிவிடலாம். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிட்டாரைத் தூக்கி, பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளவாக்கில் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒரு ஓரம் மேலேறி மற்றது இறங்கினால் அது முறுக்கு. டிரஸ் ராட் (நெக்கின் வளைவை மாற்ற அதன் உள்ளே வைத்த இரும்புத் தண்டு) இதைச் சரி செய்யாது.

அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். பொறுமை வேண்டும், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் செய்யுங்கள். இரண்டு பக்கத்து ஃப்ரெட்டுகளில் ஒரே சுரம் கேட்டால் அங்கே ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டிப் பார்த்து, ஃப்ரெட் முனைகள் கீறுகின்றனவா என்றும் பாருங்கள்.

பழைய கிட்டார் என்றால் மூன்று இடங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளம் எவ்வளவு ஆழம்? டிரஸ் ராடைத் திருப்பும் திருகு இரண்டு பக்கமும் கொஞ்சமாவது திரும்புகிறதா? விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். லெஸ் பால் வகையில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், விழுந்தால் நட்டுக்கு (நெக்கின் முனையில் கம்பிகள் பதியும் பள்ளமிட்ட துண்டு) பின்னால்தான் உடையும். அந்த இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டிய உடைசல் நன்றாக நிற்கலாம், ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும்.

ஆம்பில் இணைத்து எல்லா பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) நிலைகளையும் கேளுங்கள். வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பு சின்ன விஷயம். ஒரு பிக்அப்பில் சத்தமே வராவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய கருவிகள்

டியூனர், கேப்போ (ஒரு ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), அரை மில்லிமீட்டர் கோடுகள் போட்ட இரும்பு ஸ்கேல், ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). கடைசியாகச் சொன்னதற்கு இசைக்கருவிக் கடைக்குப் போக வேண்டாம். பைக் மெக்கானிக்குகள் டாப்பட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே கேஜ்தான், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும்.

ஆலன் கீ விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சில கிட்டார்களில் அங்குல அளவு, சிலவற்றில் மில்லிமீட்டர் அளவு. 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ. அந்தக் குழிக்குள் 3 மி.மீ. கீ நுழைந்துவிடும், ஆனால் தளர்வாக நிற்கும். அழுத்தித் திருப்பினால் குழியின் மூலைகள் மழுங்கிவிடும். அதன் பிறகு அந்த டிரஸ் ராடைத் திருப்ப வழியே இல்லாமல் போகலாம். கிட்டாரோடு வந்த கீயைப் பத்திரமாக வையுங்கள். தொலைந்துவிட்டால் உங்கள் மாடலுக்கு எந்த அளவு என்று பார்த்து அதையே வாங்குங்கள். கீ ஆட்டமில்லாமல் முழுதாக உட்கார்ந்த பிறகுதான் திருப்ப வேண்டும்.

3. கம்பியின் அளவை முடிவு செய்து புதுக் கம்பி போடுதல்

எல்லாவற்றுக்கும் முன்னால் இது. நெக்கை வளைக்கும் விசை கம்பிகளிலிருந்துதான் வருகிறது. நட்டிலிருந்து சாடில்வரை கம்பியின் நீளம் 25.5 அங்குலம் உள்ள கிட்டாரில் 9–42 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) போட்டு வழக்கமான சுருதி சேர்த்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ விசையில் இழுக்கும். 10–46 செட் 46 கிலோ அளவில் இழுக்கும். எட்டு கிலோ வித்தியாசத்தில் நெக்கும் பிரிட்ஜும் இரண்டுமே நகரும். அதனால் செட்டப் முடிந்த பிறகு ‘நைன்ஸ்’ வேண்டாம் ‘டென்ஸ்’ போடலாம் என்று நினைத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். தொடங்குபவருக்கு 9–42 போதும். ஸ்ட்ராட்டுகள் பெரும்பாலும் அதோடுதான் வருகின்றன.

டிரெமோலோ இருந்தால் கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பின்புற ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்துக்கொண்டு போகும், மறுபடி சமநிலைக்குக் கொண்டுவர நேரமாகும். ஃப்ரெட்போர்டைச் சுத்தம் செய்ய முழுதும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பிரிட்ஜின் அடியில் மடித்த துணியோ மெல்லிய மரத்துண்டோ செருகிவிட்டுச் செய்யலாம்.

டியூனிங் பெக்கில் இரண்டு மூன்று சுற்று போதும். சுற்று கீழ்நோக்கி இறங்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. சுருதி நிற்கவில்லை என்று வரும் கிட்டார்களில் முதலில் நான் பார்ப்பது இந்த இடத்தைத்தான். சேர்த்த பிறகு ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். இழுத்தாலும் சுருதி இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். அதற்கு முன் அடுத்த படிக்குப் போனால் அளவுகள் எல்லாம் தப்பாகவே வரும்.

4. டிரெமோலோ பிரிட்ஜை நிலைநிறுத்துதல்

பிரிட்ஜ் அசைந்துகொண்டிருந்தால் அதன்பின் எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தமில்லை. ஒருபக்கம் கம்பிகள், மறுபக்கம் ஸ்பிரிங்குகள், இரண்டும் இழுப்பதற்கு நடுவில் பிரிட்ஜ் நிற்கிறது. ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குவது இதனால்தான். கிட்டார் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

டிரெமோலோ கைப்பிடியைத் தொடாதவர்களுக்கு என் யோசனை: பிரிட்ஜை உடலோடு ஒட்டிப் படுக்க வைத்துவிடுங்கள். பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடும் அதன் இரண்டு திருகுகளும் தெரியும். இரண்டையும் சம அளவில் இறுக்கினால் பிரிட்ஜ் கீழே படியும். சுருதி நன்றாக நிற்கும், ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை விலகாது. பழகிய பிறகு வேண்டுமானால் மிதக்க விடலாம். அப்போது பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து 3 மி.மீ.க்குச் சற்று மேல் நிற்க வேண்டும். ஃபெண்டர் சொல்வது 1/8 அங்குலம். திருகுகளைக் கொஞ்சம் மாற்றுவது, சுருதி சேர்ப்பது, அளப்பது என்று மாறி மாறித்தான் அந்த நிலைக்கு வர முடியும்.

5. டிரஸ் ராட்: நெக்கின் வளைவு

பலரும் தொடவே பயப்படுவது இது. மற்றவர்கள் அளவுக்கு மீறித் திருப்பிவிடுகிறார்கள்.

மீட்டும்போது கம்பி நடுவில்தான் அதிகமாக அகன்று அதிரும். அதற்கு இடம் கொடுக்க நெக் மிக லேசாக உள்வாங்கி இருக்க வேண்டும். சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். ஆறாவது கம்பியை (மிகத் தடித்தது) கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே நேர்கோடாக ஆகிவிட்டது. எட்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் (குறுக்குவாட்டு வளைவின் ஆரம்) ஃப்ரெட்போர்டுகளுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. அந்தத் தகடு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராடின் திருகைக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும், நெக் நிமிரும். இடைவெளி இல்லையென்றால் எதிர்ச்சுற்றில் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் சுருதி சேர்த்துவிட்டு மறுபடி அளங்கள், ஏனென்றால் நெக் அசைந்தால் சுருதியும் அசையும். மரம் மெதுவாக இடம்பிடிக்கும் என்பதால் மறுநாளும் ஒருமுறை பார்ப்பது நல்லது. திருப்ப முடியாமல் இறுகி நின்றால் அதோடு நிறுத்திவிட்டு டெக்னீஷியனிடம் கொண்டுபோங்கள்.

அடிக்கடி பார்க்கும் தவறு: கம்பி உயரமாக இருக்கிறதே என்று டிரஸ் ராடை இறுக்குவது. கம்பி கொஞ்சம் இறங்கும்தான். கூடவே நெக் பின்னோக்கி வளைந்து முதல் ஃப்ரெட்டுகளில் கரகரப்பு வந்துவிடும். கம்பியின் உயரத்துக்கு சாடில் இருக்கிறது. டிரஸ் ராட் வளைவுக்கு மட்டும்.

6. நட்: பாருங்கள், அறுக்காதீர்கள்

கேப்போவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் எஃப் கார்ட் பிடிக்கவே கஷ்டமாக இருக்கும், முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் சுருதியும் ஏறி ஒலிக்கும். விலை குறைந்த கிட்டார்களில் இது மிகச் சாதாரணம். கற்றுக்கொள்பவர் தன் விரலில்தான் பலமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பள்ளத்தை ஆழப்படுத்த ஒவ்வொரு கம்பிக்கும் தனி அகலத்தில் அரம் வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் நட்டையே மாற்ற வேண்டியதுதான். அதனால் இந்த ஒரு வேலையை டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது: சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று கம்பி துள்ளினால் பள்ளத்தில் மென்மையான பென்சிலால் தேயுங்கள். அந்தக் கரிப்பொடி கம்பியை வழுக்க விடும்.

7. ஆக்‌ஷன்: கம்பியின் உயரம்

17-வது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் இடையில் அளங்கள். அதே 9.5 முதல் 12 அங்குல ரேடியஸுக்கு ஃபெண்டரின் அளவு இரண்டு ஈ கம்பிகளுக்கும் (ஒன்றாவது, ஆறாவது) 4/64 அங்குலம், சுமார் 1.6 மி.மீ. இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி மீட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றாவது, ஆறாவது கம்பிகளை அமையுங்கள். நடுவில் உள்ள நான்கையும் ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு ஏற்றபடி சாடில்களை மேடாக வையுங்கள். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு குட்டித் திருகுகள் இருக்கும், இரண்டையும் சமமாகத் திருப்பி சாடில் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரம் மாறினால் சுருதி மாறும், சேர்த்துவிட்டுத்தான் அடுத்த அளவு.

கரகரப்பு வந்தால் உடனே எல்லாக் கம்பியையும் தூக்கிவிடாதீர்கள். எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். அழுத்தாத கம்பியில் மட்டும் வந்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் வந்தால் நெக்கில் வளைவு போதவில்லை, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் வந்தால் ஆக்‌ஷன் தாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கலாம். ஆம்பில் கேட்காத சிறிய கரகரப்பை விட்டுவிடுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பழைய பாணி 7.25 அங்குல ரேடியஸ் நெக் என்றால் மெல்லிய கம்பிகளை மிகத் தாழ்வாக வைக்க முடியாது. மேல் ஃப்ரெட்டில் கம்பியை வளைத்து இழுக்கும்போது வளைவின் மேட்டில் முட்டிச் சத்தம் அடங்கிவிடும்.

8. பிக்அப் உயரம்

இதை இன்டொனேஷனுக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயில் பிக்அப்பில் பொதுவாக நேராக நிற்கும் காந்தத் துண்டுகளே கம்பியின் அடியில் இருக்கும். மிக அருகில் இருந்தால் கம்பியை இழுத்து அதன் அதிர்வையே கெடுத்துவிடும். ஆறாவது கம்பியின் மேல் ஃப்ரெட்டுகளில் இரண்டு சுருதி மோதுவதுபோல் ஒலிக்கும், டியூனர் முள் நிற்காமல் அலையும். இதை இன்டொனேஷன் கோளாறு என்று நினைத்து சாடிலோடு மணிக்கணக்காகப் போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, காந்தத்தின் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை அளங்கள். ஆறாவது கம்பிப் பக்கம் சுமார் 2 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். அங்கிருந்து காதால் முடிவு செய்யுங்கள். பிரிட்ஜ் அருகே கம்பியின் அதிர்வு சிறியது என்பதால் அங்கே உள்ள பிக்அப்பைச் சற்று உயர்த்தினால்தான் மற்றவற்றோடு ஒலியளவு பொருந்தும். ஹம்பக்கரில் (இரண்டு காயில் உள்ள பிக்அப்) காந்தம் காயிலுக்கு அடியில் இருப்பதால் இழுப்பு குறைவு, இன்னும் அருகே வைக்கலாம்.

9. இன்டொனேஷன்

கிட்டாரை மேசையில் படுக்க வைக்காமல், வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 12-வது ஃப்ரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மானிக் (மணி போன்ற மேல்சுரம்) எழுப்பி டியூனரில் சரியாகச் சேருங்கள். அதே ஃப்ரெட்டில் வழக்கமான அழுத்தத்தில் பிடித்து மீட்டுங்கள். முள் ஏறிக் காட்டினால் கம்பியின் நீளம் போதவில்லை, சாடிலைப் பின்னோக்கி நகர்த்துங்கள். இறங்கிக் காட்டினால் முன்னோக்கி. ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் ஹார்மானிக்கை மறுபடி சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய கம்பியில் இதைச் செய்யாதீர்கள். தேய்மானமும் துருவும் கம்பியின் எடையைச் சீரில்லாமல் ஆக்கியிருக்கும், எவ்வளவு நகர்த்தினாலும் சேராது.

கர்நாடக இசை பழகிய காது உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக வைத்த பிறகும் மேஜர் கார்டில் உள்ள காந்தாரம் கொஞ்சம் தூக்கலாகவே கேட்கும். உங்கள் காது சொல்வது உண்மைதான். ஃப்ரெட்டுகள் பன்னிரண்டு சம இடைவெளிகளில் போடப்பட்டவை. தம்பூராவில் தானாக எழும் அந்தரகாந்தாரத்தைவிடக் கிட்டாரின் மேஜர் தேர்ட் சுமார் 14 சென்ட் (பக்கத்து இரண்டு ஃப்ரெட்டுகளின் சுருதி இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே நிற்கிறது. சாடிலை நகர்த்தி இதைத் தீர்க்க முடியாது. ஒரு கார்டுக்காகக் கம்பியை இறக்கினால் அடுத்த கார்டில் அபஸ்வரம் வரும்.

10. மின்சுற்றும் எர்த்தும்

வால்யூம், டோன் திருகும்போது கரகரத்தால் எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இரண்டு பக்கமும் பல தடவை திருப்புங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபிள் ஜாக்கின் நட் தளர்ந்தால் வெளியிலிருந்து மட்டும் இறுக்கினால் உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி வயர் அறுந்துவிடும். தகட்டைக் கழற்றி, உள்ளே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

சிங்கிள் காயில் பிக்அப்பில் கொஞ்சம் இரைச்சல் இயல்பு. கம்பியைத் தொட்டதும் அது குறைந்தால் கிட்டாரின் கிரவுண்ட் வயர் வேலை செய்கிறது என்று பொருள். தொட்டால் அதிகமானாலோ விரலில் சுருக்கென்று மின்சாரம் தெரிந்தாலோ வாசிப்பதை நிறுத்தி ஆம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரீஷியனை வைத்து வீட்டின் எர்த்தைச் சோதியுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் வயர் இணைந்திருக்காது. இரைச்சலைக் குறைக்க ஆம்பின் எர்த் பின்னை வெட்டுவதோ இரண்டு பின் அடாப்டர் போடுவதோ உயிரோடு விளையாடுவது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம், நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகாதீர்கள். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

11. அதன்பின் பராமரிப்பு

கடற்கரை ஊர்களில் கம்பிக்கு எமன் வியர்வையும் ஈரக்காற்றும்தான். வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் அடியிலும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கை அதிகம் வியர்ப்பவர்கள் எலிக்ஸிர் போன்ற பூச்சுள்ள கம்பிகளைப் போட்டுப் பார்க்கலாம், விலை அதிகமானாலும் நீடித்து வருகின்றன. மழைக்காலத்தில் கிட்டார் பையில் சிலிகா ஜெல் பாக்கெட் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு வெளுத்து வறண்டு தெரிந்தால் ஃப்ரெட்போர்டுக்கான எண்ணெய் சில சொட்டு தடவித் துடைத்துவிடுங்கள். பளபளப்பான மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு எண்ணெய் வேண்டாம், வார்னிஷ் பூசியிருப்பதால் உள்ளே இறங்காது. ஃப்ரெட்டை ஸ்டீல் வுல்லால் தேய்ப்பதாக இருந்தால் முதலில் பிக்அப்புகளை டேப் ஒட்டி மூடுங்கள். இரும்புத் தூசி காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

சில வாரம் வாசிக்கப் போவதில்லை என்றாலும் கம்பிகளைத் தளர்த்த வேண்டாம். கம்பியின் இழுப்பும் டிரஸ் ராடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின் ஒருமுறை, கோடை நடுவில் ஒருமுறை ஐந்தாம் படியின் அளவை மட்டும் பாருங்கள். ஈரம் மாறும்போது முதலில் அசைவது நெக். அது மாறாமல் இருந்தால் மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. மாறியிருந்தால் அதைச் சரி செய்துவிட்டு ஆக்‌ஷன், இன்டொனேஷன் என்று அதே வரிசையில் இறங்குங்கள். செட்டப் முடித்த நாளிலேயே கம்பியின் செட், நெக் இடைவெளி, 17-வது ஃப்ரெட் உயரம், பிக்அப் உயரம் ஆகிய அளவுகளை ஒரு தாளில் எழுதி, பின்பக்க மூடியின் உள்ளே ஒட்டி வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்த அளவுகளிலிருந்தே தொடங்கலாம், டெக்னீஷியனிடம் கொடுக்கும்போதும் இப்படித்தான் வேண்டும் என்று காட்டலாம்.